ஓடும் வண்டியில் செல்போன்: அபராதம் மருந்து, பத்தியம் உங்கள் வீட்டில்!

மணிக்கட்டு முறிந்தும், தோள்பட்டை இறங்கியும் எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வருகிறவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர். "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டால் முதலில் வரும் பதில், "ரோட்டுல மணல் கிடந்தது சார்", "நாய் குறுக்கே வந்துடுச்சு சார்" என்பதாகத்தான் இருக்கும். கட்டுப் போட்டு முடிக்கிற நேரத்தில் கூட வந்த மனைவியோ அம்மாவோ மெல்ல ஆரம்பிப்பார்கள். "போன் வந்துச்சாம் டாக்டர். பேசிக்கிட்டே வந்திருக்கார்."

நாய் வந்தது உண்மைதான். ஆனால் நாயைப் பார்க்க வேண்டிய கவனமும், பிரேக்கைப் பிடிக்க வேண்டிய கையும் அந்த நேரத்தில் வேறு வேலையில் இருந்தன.

"இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. ஆனால் அதை அமல்படுத்தும் விதம் நாட்டுக்கு நாடு, ஏன், நம் நாட்டிலேயே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. எந்த வழி பலிக்கிறது, எது பலிக்காமல் போகிறது என்று தெரிந்துகொள்வது நம் குடும்ப ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட விஷயம். எனவே கஷாயம், லேகியத்தை எல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த முறை இதைப் பற்றிப் பேசுவோம்.

கை சும்மா இருந்தால் போதுமா?

முதலில் உடம்பைப் பார்ப்போம், பிறகு சட்டத்துக்கு வருவோம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் 11 மீட்டர் தூரம் ஓடிவிடும். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையைப் பார்க்க மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்! அறுபதில் போகிறவர் ஐந்து விநாடி மெசேஜ் படித்தால் 83 மீட்டர்.

இன்னொன்று. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின் சக்கர பிரேக் இடது கையில் இருக்கிறது. இடது கையில் போனைப் பிடித்திருக்கிறவர், அவசரத்துக்கு வலது கையால் முன் பிரேக்கை மட்டும் அழுத்துவார். முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாரிவிடும். விழும்போது அனிச்சையாகக் கையை ஊன்றுவார். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது இப்படித்தான்.

"நான் கையில் பிடிக்கிறதே இல்லை டாக்டர். ஹெல்மெட்டுக்குள்ள செருகிக்குவேன்", "காதில் புளூடூத் மாட்டியிருக்கேன்" என்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். கனடாவின் டொரண்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ல் ஓர் ஆய்வு வெளியானது. பேசும் நேரத்தில் விபத்து ஏற்படும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுகிறது என்று அது கண்டது. கையில் பிடிக்காமல் பேசுகிறவர்களுக்கும் அந்த அபாயம் குறையவில்லை! 2005-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஓட்டுநர்களிடம் நடந்த ஆய்விலும் அதே நான்கு மடங்குதான் வந்தது.

காரணம் எளிது. ஐம்புலன்களும் மனத்தின் துணையோடுதான் வேலை செய்கின்றன. இது சித்த மருத்துவம் படிக்க வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பாடம். மனம் கடன் தவணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், கண் எதிரே வரும் லாரி கண்ணில் விழும். ஆனால் புத்தியில் ஏறாது.

"பக்கத்து சீட்டில் இருக்கிறவரோடு பேசுவதில்லையா?" என்று கேட்பீர்கள். அவர் உங்களோடு அதே சாலையைப் பார்க்கிறார். வளைவு வந்தால், பஸ் குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருக்கிறவருக்குச் சாலை தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார்.

ஓட்டை உள்ள பாத்திரம்

அமெரிக்க மாநிலங்களில் முதலில் விழித்துக்கொண்டது நியூயார்க். கையில் போனைப் பிடித்துப் பேசியபடி ஓட்டக் கூடாது என்று 2001 நவம்பரில் அது மாநிலம் முழுக்கத் தடை கொண்டுவந்தது. பிரிட்டன் 2003 டிசம்பர் 1-ல் கொண்டுவந்தது.

சட்டம் போட்டாகிவிட்டது, கதை முடிந்ததா? இல்லை. லண்டனில் ஒருவர் சாலை விபத்து நடந்த இடத்தைக் காரில் கடக்கும்போது போனில் வீடியோ எடுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அன்றைய சட்டம் போனில் 'தொடர்பு கொள்வதை'த்தான் தடுத்தது, படம் எடுப்பதை அல்ல என்று 2019-ல் தீர்ப்பாகிவிட்டது! பிரிட்டன் அரசு 2022 மார்ச் 25 முதல் சட்டத்தை மாற்றியது. படம் எடுப்பது, பாட்டு தேடுவது, விளையாடுவது என எதற்காகவும் ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது. சிக்னலில் நிற்கும்போதும் கூடாது.

நம் பக்கத்து மாநிலத்திலும் இதே மாதிரி நடந்தது. வண்டி ஓட்டுகிறவர் போனில் பேசுவதைத் தடை செய்யும் பிரிவு எதுவும் கேரளக் காவல் சட்டத்தில் இல்லை, பேசினார் என்பதற்காக மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது என்று 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

அடுத்த ஆண்டே இந்தியா முழுமைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 2019 செப்டம்பர் 1 முதல், கையில் பிடிக்கும் தகவல் தொடர்புச் சாதனத்தை ஓட்டும்போது பயன்படுத்துவது, 184-வது பிரிவின்படி ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் என்று போகிறது. வழி காட்டும் மேப்புக்கு மட்டும், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் கலையாதபடி பயன்படுத்த, 2020 அக்டோபர் முதல் விதியில் இடம் உண்டு. வழியில் நிறுத்தாமலே 'டைப்' அடித்து ஊர் தேடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை!

கசப்பைக் கூட்டினால் நோய் போகுமா?

"அபராதத்தைப் பத்து மடங்கு ஏத்தினா எல்லாரும் திருந்திடுவாங்க சார்" என்று பலர் சொல்வார்கள். பிரிட்டன் அதைத்தான் படிப்படியாகச் செய்தது. 2003-ல் 30 பவுண்டு, 2007-ல் 60, 2013-ல் 100, 2017-ல் 200.

ஆனால் வலித்தது பணம் மட்டும் அல்ல. அங்கே லைசென்ஸில் 'புள்ளி' ஏற்றுகிற முறை உண்டு. 2007-ல் போனுக்கு மூன்று புள்ளி, 2017-ல் ஆறு புள்ளி. மூன்று ஆண்டில் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் பொதுவாக லைசென்ஸ் போய்விடும். புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு முதல் இரண்டு ஆண்டில் ஆறு புள்ளியே போதும். ஒரே ஒரு முறை போனோடு மாட்டினால் மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு!

ஜப்பான் 2019 டிசம்பரில் காருக்கான அபராதத்தை 6,000 யென்னிலிருந்து 18,000 யென்னாக மூன்று மடங்காக்கியது. புள்ளியையும் ஒன்றிலிருந்து மூன்றாக்கியது. 2024 நவம்பர் முதல் சைக்கிள் ஓட்டும்போது போன் பார்ப்பதற்கும் அங்கே கடும் தண்டனை உண்டு.

பணம் உள்ளவருக்கு அபராதம் ஒரு டீச்செலவு. புள்ளிக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. லைசென்ஸ் போனால் அலுவலகத்துக்கு பஸ்தான்!

நம்மிடமும் இதற்கு வழி இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு அனுப்பியது. போன் பேசியபடி ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் மாற்றப்பட்டபோது முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுபடியும் செய்தால் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். கேரளத்தில் 2,000 ரூபாய்.

தொகை போதும். உத்தரவும் போதும். அப்படியிருந்தும் ஏன் நம் தெருவில் நான்கு பேரில் ஒருவர் தோளில் போனை இடுக்கியபடி போகிற மாதிரி இருக்கிறது?

அளவு பெரிதல்ல, தவறாமை பெரிது

ஒரு வாரம் சாப்பிட வேண்டிய சூரணத்தை ஒரே நாளில் விழுங்குகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றுப்போக்கு வரும், நோய் போகாது. கொஞ்சமாக, வேளை தவறாமல் சாப்பிட்டால்தான் மருந்து பலிக்கும். சட்டமும் அப்படியே. ஆயிரத்தில் ஒருவரைப் பிடித்துப் பத்தாயிரம் வாங்குவதைவிட, 'தப்பு செய்தால் கண்டிப்பாக மாட்டுவோம்' என்ற எண்ணத்தை எல்லார் மனத்திலும் உண்டாக்குவதுதான் பலன் தருகிறது.

அமெரிக்காவில் 2010, 2011 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் என்ற இரண்டு நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. இருக்கிற சட்டத்தையே, முன்கூட்டி டி.வி.யிலும் ரேடியோவிலும் விளம்பரம் செய்துவிட்டு, அலை அலையாகப் போலீசை நிறுத்தி அமல்படுத்தினார்கள். "ஒரு கையில் போன் இருந்தால் மறு கையில் அபராதச் சீட்டு" என்பதுதான் விளம்பரத்தின் சாரம். பலன்? கையில் பிடித்துப் பேசுவது சிரக்யூஸில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஹார்ட்ஃபோர்டில் பாதிக்கு மேலேயே குறைந்துவிட்டது!

எல்லா நாளும் எல்லா முனையிலும் போலீஸ் நிற்க முடியுமா? அந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கேமராவைப் பதிலாக வைத்தது. 2019-ன் முதல் பாதியில் சோதனையாகச் சில கேமராக்களை வைத்தார்கள். 85 லட்சம் வண்டிகளைப் பரிசோதித்ததில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனோடு சிக்கினார்கள். ஏறக்குறைய 85 பேருக்கு ஒருவர்!

அந்தக் கேமரா உயரத்திலிருந்து முன் கண்ணாடி வழியாக ஓட்டுநரின் மடியைப் படம் எடுக்கும். இரவு, மழை எதுவும் அதற்குத் தடையில்லை. செயற்கை நுண்ணறிவு முதலில் படங்களைச் சலிக்கும். சந்தேகமான படத்தை மனிதர் ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நோட்டீஸ். 2019 டிசம்பர் 1-ல் தொடங்கியபோது முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டுமே அனுப்பினார்கள். 2020 மார்ச்சில் அபராதம் போடத் தொடங்கியபோது தொகை 344 டாலராக இருந்தது, கூடவே ஐந்து புள்ளி. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் அங்கே புளூடூத்தில்கூடப் பேசக் கூடாது. கை மட்டுமல்ல, மனமும் சாலையில் இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட விதி இது.

நமக்கு அருகில் இதே வழியில் போனது கேரளம். 'பாதுகாப்பான கேரளம்' திட்டத்தில் மாநிலம் முழுக்க 726 கேமராக்கள். அவற்றில் 675 கேமராக்களின் வேலை ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் ஆகியவற்றைக் கவனிப்பது. 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கினார்கள். மலையாளியின் குணத்தை மாற்ற 675 கண்கள் தேவைப்பட்டன என்று சிரிக்காதீர்கள். நமக்கு எத்தனை வேண்டுமோ!

கேமராவை வைத்து அபராதம் போட 2021-லேயே மத்திய அரசு விதி வகுத்துவிட்டது. குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்கிறது அந்த விதி. குழந்தை தப்பு செய்தால் அன்றைக்கே கண்டிக்க வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கண்டித்தால் எதற்கென்றே அதற்குத் தெரியாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கதைதான்.

மருந்து எட்டாத இடம்

இத்தனை இருந்தும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. கேமரா மெயின் ரோட்டில் இருக்கும், உங்கள் தெரு முனையில் இருக்காது. ஹெல்மெட்டுக்குள் செருகிய போன் அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம். விபத்து நடந்த பிறகு, "பேசிக்கிட்டுதான் வந்தேன்" என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2021-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,53,972 பேர். அதில் செல்போன் காரணம் என்று பதிவானது 1,040 மட்டுமே. எங்களிடம் கட்டுப் போட வருகிறவர்கள் சொல்கிற கதையை வைத்துப் பார்த்தால், 'நாய் குறுக்கே வந்தது' என்று எழுதப்பட்டவற்றில் எத்தனை போன் ஒளிந்திருக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது.

இன்னொரு விஷயத்தை எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்தும் சரி செய்ய முடியாது. போனில் எப்போதும் இரண்டு பேர். போலீஸ் பிடிப்பது எடுத்தவரை. கூப்பிட்டவர் யார்? பெரும்பாலும் நாம்தான்! சாயங்காலம் ஆறரை மணிக்கு, "எங்க இருக்கீங்க? வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க" என்று கூப்பிடுவது வீடு. "ரிப்போர்ட் என்னாச்சு?" என்று கூப்பிடுவது ஆபீஸ். "தம்பி, வீடு கண்டுபிடிச்சிட்டியா?" என்று சாப்பாடு கொண்டுவரும் பையனைக் கூப்பிடுவதும் நாம்தான். மூன்று ரிங்குக்குள் எடுக்கவில்லையென்றால் கோபம் வேறு!

எங்கள் வைத்தியத்தில் மருந்து பாதி, பத்தியம் பாதி. அபராதம் மருந்து. அதை அரசாங்கம் கொடுக்கட்டும். பத்தியத்தை வீட்டில்தான் காக்க வேண்டும்.

வீட்டுப் பத்தியம்

1. கூப்பிட்டால் முதல் கேள்வி, "வண்டியில இருக்கீங்களா?" ஆமாம் என்றால், "சரி, வந்து பேசுங்க" என்று சொல்லி நீங்களே உடனே வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷம்தானே என்று தொடராதீர்கள்.

2. அவர் வழியில் இருக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை என்று குடும்பத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பால், காய்கறிப் பட்டியலை அவர் ஆபீஸிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. ஓட்டுகிறவர் கிளம்பும் முன் வீட்டுக்கு ஒரு வார்த்தை, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை. நடுவில் மௌனம். போன் எடுக்கவில்லை என்றால் 'பத்திரமாக ஓட்டுகிறார்' என்று எடுத்துக்கொள்ளப் பழகுங்கள். வயதான அம்மா அப்பாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

4. போனைச் சட்டைப் பையில் வைத்தால் கை தானாகப் போகும். பைக்குள் அல்லது ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டுங்கள். 'வண்டி ஓட்டுகிறேன்' என்று தானே பதில் அனுப்பும் வசதி பல போன்களில் இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் போட்டுத் தருவார்கள்.

5. மேப் வேண்டுமானால் கிளம்பும் முன்பே ஊரைப் போட்டுவிடுங்கள். வழி மாறினால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

6. அவசரம் என்றால்? இடது ஓரத்தில், மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசுங்கள். சிக்னல் அதற்கான இடம் அல்ல.

7. ஸ்கூல் வேன், ஆட்டோ ஓட்டுநர் பேசியபடி ஓட்டினால் சங்கடப்படாமல், "அண்ணே, நிறுத்திட்டுப் பேசுங்க, நாங்க காத்திருக்கோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உணவு, பார்சல் கொண்டுவருகிறவரை வழியில் கூப்பிடாதீர்கள். அடையாளத்தை முதலிலேயே தெளிவாகக் கொடுத்துவிடுங்கள்.

8. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தை நீங்கள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறது. பத்து வருஷம் கழித்து அது எப்படி ஓட்டும் என்பதை இன்றைக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

இத்தனையும் மீறி யாராவது விழுந்துவிட்டால் வீங்கிய இடத்தில் எண்ணெய் தடவி நீவிவிடாதீர்கள். அசையாமல் துணியால் தாங்கிக் கட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தலையில் அடி, மயக்கம், வாந்தி இருந்தால் 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்களிடம் வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முறிந்த எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். போனில் வந்த அந்தப் பேச்சு, வீட்டுக்கு வந்த பிறகு பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதல் பத்தியத்தை மட்டுமாவது இன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுங்கள்.